வெளியூர்க்காரன் என்றால் வில்லன்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி ஐந்தரை. ஆறாவது படிக்கும் என் மகள் நிலா இன்னும் வீடு வந்து சேரவில்லை. வழக்கமாக நாலே முக்காலுக்கெல்லாம் வாசலில் சைக்கிள் மணி கேட்டுவிடும்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். "எல்லாரும் அப்பவே கிளம்பிட்டாங்களே மேடம்..."

முந்தின நாள்தான் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள், உஷார்! வதந்தி என்று சொல்லிச் சிரித்தவள் நான். இப்போது செருப்புகூட மாட்டாமல் முதலிபாளையம் ரோட்டில் ஓடினேன்.

ஒரு பனியன் கம்பெனி காம்பவுண்டுத் திருப்பத்தில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், ஒல்லியான வடநாட்டு ஆள். ஒரு கையில் நிலாவின் ஸ்கூல் பேக். இன்னொரு கையில் நிலாவின் மணிக்கட்டு. அவள் அழுதுகொண்டே வருகிறாள்.

"புடிங்க அவனை! எம் பிள்ளைய இழுத்துட்டுப் போறான்!"

கத்தியது நான்தான்.

எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து வந்தார்கள். முதல் அறையிலேயே அந்த ஆள் கீழே விழுந்தார். "பாப்பா... சைக்கிள்... கீழே..." என்று தெரிந்த தமிழை எல்லாம் திரட்டிச் சொன்னார். யார் கேட்டது?

நிலா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க! நான்தான் சைக்கிள்ல இருந்து விழுந்தேன். சைக்கிள் அங்கேயே கிடக்கு. அந்த அண்ணாதான் தூக்கிவிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றாரு!"

அப்போதுதான் அவள் முட்டியைப் பார்த்தேன். பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணி முழுக்க ரத்தம்.

நிஜமான பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. "விடுங்க! என் தப்பு!" என்று பத்து தடவை கத்தியிருப்பேன். என் ஒரு சத்தத்துக்கு ஓடி வந்த கூட்டம், இந்தப் பத்துக்கும் நிற்கவில்லை. ஒருவர் கையில் கல் ஏறிவிட்டது.

குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளுங்க அம்மிணி. இவனுகளை உட்டா நம்ம புள்ளைங்களுக்குத்தான் ஆபத்துங்க" என்றார் கல் வைத்திருந்தவர்.

"எம் பிள்ளைய பத்திரமா கூட்டிட்டு வந்ததே இவருதாங்க. அடிக்கணும்னா என்னை அடிங்க."

கல் கீழே விழ எவ்வளவு நேரம் ஆனதோ... எனக்கு ஒரு வருஷம் போல இருந்தது.

நான் ஏன் கத்தினேன்? பயம் — சரி. ஆனால் பையும் மணிக்கட்டுமான அந்த ஷாட்டைச் சின்ன வயதிலிருந்தே எத்தனை படங்களில் பார்த்திருக்கிறேன்! பழைய கிரைம் த்ரில்லர்கள். அமைதியான சின்ன ஊர். திடீரென்று ஒரு குழந்தை காணாமல் போகும். உடனே கேமரா போய் நிற்பது கூர்க்கா முகத்திலோ, கூடாரம் போட்டுத் தங்கியிருக்கும் நாடோடி முகத்திலோதான். அவர்களுக்குப் பெயர் இருக்காது, குடும்பம் இருக்காது. புரியாத ஒரு பாஷை மட்டும் இருக்கும் — நம்மைப் பயமுறுத்த.

நாங்களே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு இங்கே வந்த குடும்பம். சில படங்களில் கொலைகாரன் எங்கள் பாஷை பேசுவான். டிவியில் அப்படி ஒரு படம் ஓடிய மறுநாள், வீட்டு ஓனர் என் அப்பாவிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்க, உங்க பக்கம் எல்லாரு ஊட்லயும் அருவா இருக்குமாமுங்களா?"

அப்பா சிரித்து மழுப்பினார். உள்ளே வந்ததும், தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்து பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அதைப் பார்த்து வளர்ந்த நான்தான் செவ்வாய்க்கிழமை அப்படிக் கத்தினேன்.

மறுநாள் நிலாவைக் கூட்டிக்கொண்டு அவர் தங்கியிருந்த ரூமுக்குப் போனேன். பெயர் முகேஷ், ஊர் பீகார், வேலை டெய்லர். உதடு வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பர்வால்லே அக்கா" என்றார், கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு.

நேற்று கடைவீதியில் அவரைப் பார்த்துவிட்டு நிலா, "அண்ணா!" என்று கையை ஆட்டினாள். அவர் காதில் விழாதது போல ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

இனி ரோட்டில் ஒரு குழந்தை விழுந்து கிடந்தால், அவர் தூக்குவாரா? இப்போது எனக்கு இருக்கும் பயம் அதுதான்.