இரண்டு கையும் உயர்ந்தபோது

நான் அந்த அரங்கத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். ஒருநாள் மேடையில் கிடந்த கண்ணாடித் துண்டு என் விரலைக் கிழித்துவிட்டது. கண்டக்டர் ஐயா தன் கைக்குட்டையால் கட்டுப்போட்டுவிட்டு, மீதித் தரையையும் தானே துடைத்தார். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கண்டக்டர் என்றால் என் தங்கை, "எந்த பஸ்ஸுல அக்கா?" என்பாள். இவர் அறுபது பேர் வாசிக்கும் இசைக்குழுவை ஒரு குச்சியை அசைத்து நடத்துகிறவர்.

அவருக்கு அப்பா பெல்ட்டால் விளாசித்தான் தாளம் பழக்கினாராம். இவரும் அப்படியே ஆனார். யாராவது தப்பாக வாசித்தால் நாற்காலி பறக்கும். பெரிய முரசு அடிப்பவரின் பல்லைக்கூட ஒருமுறை உடைத்தார். அவருடைய இரண்டு கையும் உயர்ந்தால் உடனே வாசிக்க வேண்டும், பிந்தினவருக்கு அடிதான்.

முரசுக்காரரின் மனைவி இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒத்திகையில் தாளம் தப்பியது. "பொண்டாட்டி செத்தா கையும் செத்துடுமாடா?" என்று கேட்டுவிட்டார் ஐயா. அந்த மனுஷன் முரசடிக்கும் கட்டையோடு இறங்கி வந்தார். தலையைக் காத்துக்கொள்ள ஐயா இரண்டு கையையும் தூக்கினார். கடவுளே, பழக்கதோஷத்தில் மற்ற எல்லாரும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஐயாவின் வலது மணிக்கட்டு நொறுங்கி, இசைத்தாள்களில் ரத்தம் தெறித்திருந்தது.

இனிமேல் குச்சி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமான்களை எடுத்துப்போக வந்த ஐயாவிடம், "உங்களுக்காகக் கடவுள்கிட்ட வேண்டிக்கிறேன்" என்றேன்.

"அந்த முரசுக்காரனுக்கும் சேர்த்து வேண்டிக்கோங்கம்மா" என்றார். "இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சாங்க."