முழங்காலிட வேண்டாம் என்றேன்

லண்டன் எட்மண்டனில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் விட்ட மருந்தால் எல்லாமே மங்கல். அலுப்பென்றால் அப்படியொரு அலுப்பு. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஓர் ஆப்பிரிக்கப் பிள்ளை, கைபேசியில் யாரோ பெரியவருக்கு வணக்கம் சொன்னாள். சொல்லும்போதே அவள் முழங்கால்கள் தாமாக மடிந்து நிமிர்ந்தன. மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியவா போகிறது? எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரித் தரையின் மெழுகு மணம் வேறு இன்னும் மூக்கில் இருந்தது. அந்த மணம் என்னை நேரே சாம்பியாவுக்குக் கொண்டுபோகும். நானும் என் கணவரும் அங்கே ஒரு பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் பௌதிகம், நான் கணக்கு. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் சிவப்புப் பொலிஷ் பூசி, பழைய கம்பளித் துண்டுகளைக் காலுக்குக் கீழே வைத்து, பாடிக்கொண்டே தரையைத் தேய்ப்பார்கள். ஒருநாள் நான் வழுக்கி விழுந்தேன். ஆறு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். அறைக்குப் போன பிறகுதான் சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்.

பெரியவர்களோடு பேசும்போது அவர்கள் முழங்காலிடுவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் படித்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் முழங்காலில் நிற்பதென்றால் தண்டனை. கொப்பி காட்ட வருகிறவள் ஏன் அப்படி நிற்கவேண்டும்? என் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து நின்றுதான் பேசவேண்டும் என்று சட்டம் போட்டேன். பெரிய சீர்திருத்தக்காரி!

"உமக்கேன் தேவையில்லாத வேலை? அது அவையின்ர முறையெல்லோ," என்றார் இவர். நான் காதில் வாங்கவில்லை.

முத்தாலே என்ற பிள்ளை என் சட்டத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். கணக்கிலும் அவள்தான் முதல். மாகாணத்திலேயே முதலாவதாக வருவாள் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன். கடைசிப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கையில், பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய தகப்பன் தன் தோட்டத்தில் விளைந்த ஒரு பை கச்சான் கடலையோடு வந்தார். அவள் நிமிர்ந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னாள். மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைக் கட்டச் சொன்னார். இதைத்தான் கற்றாள் என்றால் படித்தது போதுமாம்.

தலைமை ஆசிரியை அந்த ஊர்க்காரி. என்னைத் தனியே அழைத்து, நானே தகப்பன் முன்னால் முழங்காலிட்டு, பிழை என்னுடையது என்று சொன்னால் மனம் இளகுவார் என்றார்.

"ஒருக்கா முழங்காலில நில்லும். பிள்ளையின்ர படிப்பெல்லோ," என்றார் இவரும்.

"என்னால ஏலாது."

ஏலாமல் ஒன்றுமில்லை, திமிர். பட்டதாரி ஆசிரியை ஒரு தோட்டக்காரர் முன்னால் மண்டியிடுவதா? நின்றபடியே ஆங்கிலத்தில் கல்வியின் பெருமையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளின் பெட்டியைத் தோளில் தூக்கினார். முத்தாலே என் முன்னால் முழங்காலிட்டு விடைபெற்றாள்.

அந்த வருடம் கணக்கில் எங்கள் பள்ளிக்கூடம்தான் மாகாணத்தில் முதல். மேடையில் எனக்குக் கைதட்டினார்கள். கிங்ஸ்பரிக் கலியாண வீடுகளில் இன்றைக்கும் அந்தப் பெருமையைச் சொல்லாமல் நான் சாப்பிட்டு எழும்புவதில்லை. முத்தாலேயைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

அங்கே இப்போது விடுதியே இல்லையாம். தலைமை ஆசிரியை இறந்துவிட்டார். போன மாசியில் இவரும் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கத் தேடலாமென்றால், அந்தப் பிள்ளையின் ஊர் எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.