ஆறாவது இலை

கம்பெனியில் இந்த வருஷம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஃபீல்டு அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். டீசல் இன்ஜின் விற்ற கதை என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு திங்கட்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் நான் தெருமுனையில் போய் நிற்கிறேன். அதையே எழுதிவிடுகிறேன்.

1. டூர் புரோகிராம்

அப்போது நான் பெரம்பலூர், அரியலூர் ஏரியாவுக்கு சேல்ஸ் ரெப். மெட்ராஸிலிருந்து சோனல் மேனேஜர் வருகிறார் என்று கடிதம் வந்தால் ஸ்டாக் கணக்கைத் தொடமாட்டேன். எந்த ஊரில் எந்த மெஸ், அங்கே என்றைக்கு என்ன குழம்பு, வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரித்து ஒரு பட்டியல் போடுவேன். பிறகு அந்தப் பட்டியலுக்கு நடுவே டீலர்களைச் செருகுவேன். அதற்குப் பெயர் டூர் புரோகிராம்.

இதற்கென்று ஒரு பாஷையும் இருந்தது. கோயிலுக்குப் போனால் ‘ஏரியா ஸ்டடி’. டிபன் சாப்பிட்டால் ‘டீலர் மீட்டிங்’. மத்தியானச் சாப்பாட்டுக்கு ‘மார்க்கெட் சர்வே’. சாப்பிட்டபின் தூங்குவதற்கு மட்டும் பெயர் கிடையாது. அந்த நேரத்தை ரிப்போர்ட்டில் காலியாக விட்டுவிட வேண்டும்.

அந்த முறை மேனேஜர் திங்கட்கிழமை என்று குறித்திருந்தார். சிறுவாச்சூர் அம்மன் கோயில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவர் மீன் தொடமாட்டார். ஆகவே திங்கள். ‘டீலர்கள் ஓய்வாக இருக்கும் நாள்’ என்று காரணம் எழுதியிருந்தது. திங்கட்கிழமையைப் போல டீலர் கடையில் கூட்டம் நெரிகிற நாள் வேறு கிடையாது.

இன்னொரு சம்பிரதாயமும் சொல்ல வேண்டும். வண்டியில் யார் எங்கே உட்காருவது என்பது எங்கள் கம்பெனியில் பெரிய சாஸ்திரம். அம்பாசிடரின் பின்சீட்டில் இடது பக்கம் மேனேஜர். அவர் பக்கத்தில், எந்த ஊர் எல்லைக்குள் நுழைகிறோமோ அந்த ஊர் டீலர். ரெப்புக்கு முன்சீட்டு. இடம் போதாவிட்டால் பின்னால் வரும் டீலரின் ஜீப். ஒவ்வொரு ஊரிலும் எல்லோரும் இறங்கி, தகுதிப்படி மாறி ஏறுவோம். மேனேஜர் உட்கார்ந்த பிறகு வண்டி நிற்கக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சர்க்குலர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

2. கல்மரமும் கடலை உருண்டையும்

என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காக அரியலூரில் தாய்வீட்டில் இருந்தாள். மகள் செல்விக்கு ஒன்பது வயது. காலாண்டுப் பரீட்சைக்காகப் பெரம்பலூரில் என்னுடன் இருந்தாள். பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று. கார் எப்படியும் அரியலூர் வழியாகத்தானே போகிறது, அங்கே இறக்கிவிடலாம் என்று அவளையும் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டேன். என்னை அரியலூருக்கே மாற்றும்படி நான் கொடுத்த விண்ணப்பம் மேனேஜரின் பெட்டிக்குள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

சிறுவாச்சூரில் ஏரியா ஸ்டடி முடிந்தது. அடுத்து சாத்தனூர் கல்மரம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மரமாக இருந்து கல்லாகிப்போனது, ஓடைக்கரையில் நீளமாகப் படுத்திருக்கிறது. மேனேஜர் அதைச் சுற்றி வந்து குடை முனையால் தட்டிப் பார்த்தார்.

“சிமெண்ட்டுல செஞ்சு வச்சிருக்கானா?”

“இல்ல சார், நெஜம்” என்றேன்.

“பக்கத்துல காபி கிடைக்குமா?”

“கிடைக்காது சார்.”

“அப்ப எவன் வந்து பாப்பான்?” என்று காரில் ஏறிக்கொண்டார்.

அரியலூர் டீலர் கடையில் காலை எட்டு மணியிலிருந்து மூன்று விவசாயிகள் காத்திருந்தார்கள். கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வு ஒழுகுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று காம்ப்ளெயின்ட். நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்றே கால்.

அவர்களில் பெரியவர் சொன்னார்: “பத்து நாளா இஞ்சின் தண்ணி இழுக்கலீங்க. கடல அப்புடியே நின்னு காயுது.”

“கடலையா?” மேனேஜர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பியது. “நடராஜன், இந்தப் பக்கம் கடலை உருண்டை நல்லா இருக்குமாமே. எங்க வாங்கலாம்?”

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “கடல இருந்தாத்தானேங்க உருண்டை” என்றார். மேனேஜர் சிரித்து, ‘வாடிக்கையாளர் உற்சாகமாக உள்ளார்’ என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். டீலர் மீட்டிங் நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

மாமியார் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். “சார், பொண்ணை இங்க விட்டுட்டு வந்துடறேன்” என்றேன்.

“அட, கங்கைகொண்ட சோழபுரம் பாக்கட்டுமே குழந்தை. திரும்பி வரும்போது விட்டுக்கலாம். இப்ப நின்னா மீன் தீந்துடும்.”

செல்விக்குச் சந்தோஷம். எனக்கும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. விண்ணப்பம் பெட்டிக்குள் இருந்தது.

3. சீட்டு மாறியது

ஜெயங்கொண்டம் டீலர் அந்தோணிசாமி வரதராஜன்பேட்டைக்காரர். நாங்கள் போனதும் முதல் காரியமாக மெஸ்ஸுக்குள் நுழைந்து, “ஆறு இலைம்மா. ஏரி விராலுதானே? பாப்பா ஒண்ணு வருது, அதுக்குக் காரம் கம்மியா தனியா எடுத்து வச்சுருங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர், அவர், நான், செல்வி, இரண்டு டிரைவர்கள், ஆக ஆறு. அவருடைய எல்லை என்பதால் அவர் காரின் பின்சீட்டுக்குப் போனார். மடியில் குழந்தையோடு முன்சீட்டு நெருக்கம் என்று நானும் செல்வியும் அவருடைய ஜீப்புக்கு மாறினோம். ஜீப் டிரைவர் கலியபெருமாள் வழியெல்லாம் செல்விக்கு முந்திரித்தோப்பு காட்டிக்கொண்டு வந்தார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் மேனேஜர் விமானத்தை அண்ணாந்து பார்த்து, “தஞ்சாவூர்ல இருக்கறத விடச் சின்னதுதானே?” என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். கார் அருகே வந்ததும், “நடராஜன், நீங்க என்கூட வாங்க. ரிப்போர்ட் சொல்லிடறேன், எழுதிக்குங்க” என்றார். அந்தோணிசாமி இறங்கி முன்சீட்டுக்குப் போனார். ரெப் ஆகிய நான் பின்சீட்டில், மேனேஜர் பக்கத்தில். என் வாழ்க்கையில் முதல் தடவை.

செல்வி கோயில் வளாகத்தில் இருக்கும் சிங்கமுகக் கிணற்றுப் பக்கம் நின்றிருந்தாள். “செல்வி, ஜீப்புல ஏறிக்க” என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தேன். தலையாட்டினாள் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் உட்கார்ந்தாகிவிட்டது. வண்டி நிற்கக்கூடாது.

நான் காரில் ஏறியதைப் பார்த்த கலியபெருமாள், மகளும் அப்பாவோடு ஏறியிருப்பாள் என்று ஜீப்பை எடுத்தார். கார் கண்ணை விட்டு மறையாமல் ஜீப் வர வேண்டும், அதுவும் சாஸ்திரம். முன்சீட்டில் இருந்த அந்தோணிசாமியின் கணக்கில் பாப்பா ஜீப்பில். என் கணக்கிலும் ஜீப்பில். வழியெல்லாம் ‘இப்பகுதியில் வளர்ச்சி வாய்ப்பு மிகப் பிரகாசம்’ என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

4. மார்க்கெட் சர்வே

ஜெயங்கொண்டம் திரும்பியதும், ஜீப் வந்து நிற்கும் முன்பே மேனேஜர் என்னை மெஸ்ஸுக்குள் அழைத்துப் போய்விட்டார். ஒரே வரிசையில் ஆறு இலை. மேனேஜர் நடுவில், நான் அவருக்கு இடதுபுறம். டிரைவர்கள் கடைசியில். சோறும் விரால் குழம்பும் விழுந்து நாங்கள் கை வைத்துவிட்டோம். மெஸ்காரம்மா ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“காரம் கம்மியா பாப்பாவுக்குன்னு எடுத்தாந்தேன். பாப்பா எங்க?”

எனக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. தண்ணீர் தெளித்திருந்தது.

“கை கழுவப் போயிருக்கும்” என்றார் அந்தோணிசாமி.

நான் வரிசைக் கோடியில் இருந்த கலியபெருமாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சோறு உருட்டிய கை பாதியில் நின்றது. தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினார். ஜீப்பில் வரவில்லை.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால், இறங்கிப் போகப் படிகள் உள்ள கிணற்றுப் பக்கத்தில் என் மகள் தனியாக நிற்கிறாள்.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் இலையை மடிக்கும் முன் பந்தியில் யாரும் எழக்கூடாது என்பது எங்கள் சாஸ்திரத்தில் கடைசி விதி. முந்தின வருஷம் ஒரு ரெப் வயிற்றுவலி என்று பாதியில் எழுந்து, அடுத்த மாசமே ராமநாதபுரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். மேனேஜர் விரால் தலையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் “ஆமா சார்” என்றேன். இரண்டாம் முறை சோறு வந்தது, வாங்கிக்கொண்டேன். கலியபெருமாள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் வந்தது. ஊற்றினார்கள். பிசைந்தேன். ஒரு வாய் சாப்பிட்டும்விட்டேன்.

அப்போது மெஸ்காரம்மா திரும்பி வந்து, என்னை எதுவும் கேட்காமல், அந்தக் காலி இலையை எடுத்து மடித்தார். அதைப் பார்த்ததும்தான் என் கால் தானாக எழுந்தது.

“என்ன நடராஜன், மோர் வேண்டாமா?”

“சார், பொண்ணக் காணும்.”

“எந்தப் பொண்ணு?” என்றார். பிறகு, “சரி சரி, போயிட்டு வாங்க. மோர் நல்லா இருக்கும், ஒரு வாய் குடிச்சிட்டுப் போகலாமே.”

கலியபெருமாள் எனக்கு முன்பே வாசலில் இருந்தார்.

5. கடலைக்காரம்மா

கலியபெருமாள் ஜீப்பை விரட்டினார். எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலும் பார்த்தேன். கிணற்றை நினைக்கக்கூடாது என்று நினைத்து, அதை மட்டுமே நினைத்தேன்.

கோயில் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் அவித்த கடலை விற்கிற அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, தூக்குச்சட்டி மூடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள் செல்வி. அழுத அடையாளம் காய்ந்து வெள்ளையாகக் கன்னத்தில் இருந்தது.

“பெத்தவரு நீங்கதானா?” என்றார் அந்த அம்மா. எழுந்திருக்கவில்லை.

“ஆமாங்க.”

“காரு ஒண்ணு, ஜீப்பு ஒண்ணு. ஏறுன அத்தன பேருக்கும் கண்ணு முதுவுலயா இருக்கு? காரு பின்னாடியே ரோட்டுல ஓடுதுங்க இந்தப் புள்ள. லாரி வருது, நான் ஓடிப் போயி இழுத்தாந்தேன். கண்டக்டரு ஒருத்தரு ஏத்திவுடு, ஜெயங்கொண்டத்துல எறக்கி வுடுறேன்னாரு. நான் தரமாட்டேன்னுட்டேன். தேடுறவங்க இங்கதானே வருவாங்க.”

நான் கும்பிடக் கையெடுத்தேன். அவர் பார்வை என் வலது கைமேல் நின்றது. விரல்களில் குழம்பும் ரசச்சோறும் காய்ந்து ஒட்டியிருந்தன.

 பிறகு பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மோந்து நீட்டினார்.

“மொதல்ல கையக் கழுவிட்டுப் புள்ளையத் தொடுங்க.”

திரும்பும்போது செல்வி என் மடியில் இருந்தாள். “நான் இல்லன்னு எப்பப்பா பாத்தீங்க?” என்று கேட்டாள்.

“உடனே பாத்துட்டேன்மா. வண்டி திருப்ப எடம் இல்ல, அதான் லேட்டு.”

கலியபெருமாள் கியரை மாற்றினார். 

6. பாராட்டு

அன்று மாலை அரியலூரில் அவளை இறக்கிவிட்டேன். அடுத்த மாசமே மாற்றல் ஆர்டர் வந்தது, நான் கேட்டபடி அரியலூருக்கு. எனக்குப் புரியவில்லை. அந்த வருஷ சேல்ஸ் கான்ஃபரன்ஸில் மேனேஜர் மேடையில் சொன்னபோது புரிந்தது.

“நம்ம நடராஜன் ஒருத்தர் போதும். மெஸ்காரம்மா வந்து குழந்தை எங்கன்னு கேட்டப்பவே காணோம்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் தெரிஞ்சுது. ஆனா பாருங்க, ரசம் வரைக்கும் அசையல. அதுதான் டிசிப்ளின்.”

இருநூறு பேர் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, விற்பனையில் பொறுமை வேண்டும், டீலரைப் பகைக்கக்கூடாது, புட் வால்வு காம்ப்ளெயின்ட்டை அன்றன்றே முடிக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். எழுந்திருக்க வேண்டிய நேரம் என்று தெரிந்துவிட்டால், இலையில் என்ன இருந்தாலும் எழுந்துவிடுங்கள். ராமநாதபுரத்திலும் மனுஷர்கள் வாழ்கிறார்கள்.

செல்வி இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் அப்பா உடனே பார்த்துவிட்டார் என்று தோழிகளிடம் இன்னமும் பெருமையாகச் சொல்கிறாள். என் கையெழுத்து மோசம். ஆபீசுக்குப் போகிற எதையும் அவள்தான் நல்ல கையெழுத்தில் படியெடுத்துத் தருவாள். இதையும் அவளிடம்தான் கொடுத்தாக வேண்டும். நான்கு நாளாக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். “அப்பா, அந்தக் கட்டுரை என்னாச்சு?” என்று அடுத்த அறையிலிருந்து கேட்கிறாள். இதை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறேன்.