கழுவிய பஞ்சு

ஜெபஷீலா அக்காவைப் போலச் சுத்தம் பார்க்கிற ஆள் போடி பஜாரிலேயே கிடையாது. பாத்திரக் கடை வைத்திருந்தார். வாங்க வந்தவர் விரல் பட்ட குடத்தை, அவர் படியிறங்குவதற்குள் துடைத்து வைத்துவிடுவார். அவர் கணவர் ஸ்டான்லி அண்ணன் நேர் எதிர். வாரம் தவறாமல் என்னுடைய வளர்ப்பு மீன் கடைக்கு வந்து, சட்டையெல்லாம் தொட்டித் தண்ணீரோடு திரும்பிப் போவார்.

போன வருஷம் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தேனியில் பாதியில் நின்ற வீட்டை அக்கா ஒற்றை ஆளாகக் கட்டி முடித்தார். அண்ணன் வளர்த்ததில் ஒரு தங்கமீன் மட்டும் மிச்சமிருந்தது. ஒன்பது வயது. அண்ணன் மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினால் மேலே வரும். அந்த மோதிரம் இப்போது அக்காவின் விரலில் இருந்தது.

"புது வீட்டுக்குப் பெரிய தொட்டியா குடுங்க தம்பி. அவுக வளத்தது. உசுரோட இருந்தாப் போதும்."

கொடுத்தேன். தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் வைத்திருந்து ஊற்றச் சொன்னேன். தீனியைக் குறைக்கச் சொன்னேன். பழைய ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல் அப்படியே புதுத் தொட்டியில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பஞ்சின் வழுவழுப்பில் இருக்கிற கிருமிகள்தான் மீன் கழிவின் விஷத்தைத் தின்று தீர்ப்பவை. புதுத் தொட்டியில் அவை தானாக உண்டாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். யார் தொட்டி வாங்கினாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஸ்டான்லி அண்ணன் வீட்டுக்கே பாடமா என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குச் சபையார் வருகிறார்கள். துக்க வீட்டு அழுக்கு ஒரு பொட்டுகூட உள்ளே வரக்கூடாதென்று அக்கா எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார். கூழாங்கல், பஞ்சு எதையும் விடவில்லை.

மீனைப் புதுத் தொட்டியில் விட்ட ஐந்தாம் நாள் போன் வந்தது.

"தம்பி, மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. தொட்டியில ஒரு தூசி இல்ல. பஞ்சுகூட வெள்ள வெளேர்னு இருக்கு."

பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மீன் மல்லாந்து கிடந்தது. அக்கா மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் எங்கன தம்பி தப்புப் பண்ணேன்?"

"வயசாயிருச்சுக்கா" என்றேன். வேறு சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை.

"அவுக இருந்தாலும் இப்படித்தான பாத்திருப்பாக?"

"ஆமாக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் போனதிலிருந்து முதன்முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப இதே மாதிரி ரெண்டு குடுங்க தம்பி. எல்லாத்தையும் நல்லாக் கழுவிட்டு விடுறேன்."

"கடையில இப்ப மீனே இல்லக்கா" என்றேன், நாற்பது தொட்டி நிறைய மீன் வைத்திருக்கிற நான். போடி வந்து சேருகிற வரைக்கும் அழுதேன்.