நடிக்கான் என்று சொன்ன சம்மாட்டிக்கு

லூர்து சம்மாட்டி செத்துப் போனார். நேற்று மதியம், மில்லர்புரத்தில், மகன் வீட்டில்.

குரூப்பில் எல்லோரும் ஆர்.ஐ.பி. போடுகிறீர்கள். போடுங்கள்... நான் போடுவதாக இல்லை.

எண்பதுகளின் கடைசியில் திரேஸ்புரத்தில் சொந்த வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி அவர். அவர் வள்ளத்தில்தான் நான் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். இடது காது சின்ன வயதிலேயே கடலில் போய்விட்டது. அப்புறம் வலது காதும் மங்க ஆரம்பித்தது. உள்ளே ஓயாத இரைச்சல் வேறு.

சங்கு குளிக்கிறவனுக்குக் காது போவதை எங்கள் பக்கம் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிவிட்டு மறுநாள் கடலுக்குப் போவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

ஒருநாள் தண்ணீருக்கடியில் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்றே தெரியவில்லை. கயிற்றோடு இழுத்து என்னைத் தூக்கிப் போட்டார்கள். கரையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன்...

சம்மாட்டி வந்து பார்த்தார். சுற்றி நின்ற ஆட்களிடம் சத்தமாகச் சொன்னார், "காதுல ஒரு மண்ணும் இல்லலே. கடலக் கண்டு பயந்துட்டான், நடிக்கான்."

அதோடு விடவில்லை மனுஷன். மற்ற வள்ளக்காரர்களிடமும் போய் அதையே சொன்னார். ஒருத்தரும் என்னை ஏற்றவில்லை. தெருவில் எனக்கு நடிகன் என்றே பேர் வந்துவிட்டது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. காது நரம்பில் கட்டி. எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் இருக்கிற ஒரு காதும் போகலாம் என்றார் டாக்டர்.

அங்கே அப்போதுதான் புதிதாக ஒரு மிஷின் வந்திருந்தது. ஆபரேஷன் முழுக்கக் காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம். தலையில் ஒட்டிய ஒயர் வழியாக நரம்பின் பதில் திரையில் அலையாக வருமாம். அலை சரிந்தால் உடனே கையை எடுத்துவிடுவார்களாம்.

மயக்கத்தில் கிடப்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். டாக்டர் என் காதருகே குனிந்து சொன்னார், "உங்களுக்குக் கேக்காதுய்யா, நரம்புக்குக் கேக்கும். இதுல யாராலயும் நடிக்க முடியாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு தடவை அலை படுத்தே போனதாம். எழும்வரை காத்திருந்தார்களாம்... நரம்போடு ஒட்டியிருந்த கட்டித் துணுக்கை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார்கள். காது தப்பித்தது.

ஊர் திரும்பியதும் மொட்டைத் தலையும் தையலுமாக நேரே கரைக்குப் போனேன். சம்மாட்டி அதே ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சொன்னத இப்பச் சொல்லும் சம்மாட்டி. மெதுவாச் சொன்னாப் போதும், கேக்கும்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு இத்தனை வருஷமும் அப்படித்தான். வழியில் என்னைக் கண்டால் வெற்றிலை துப்புகிற சாக்கில் திரும்பிக்கொள்வார்.

'தப்பாச் சொல்லிட்டேன்லே' என்று ஒரு வார்த்தை... அது போதும் எனக்கு. அவர் சொல்லவில்லை. நான் மன்னிக்கவும் இல்லை.

இன்று காலை அடக்கம். மாலை வாங்கவில்லை, கோவிலுக்குள்ளும் போகவில்லை. வெளியே நின்று துக்க மணியைக் கடைசி அடி வரை கேட்டேன்.

போய்ச் சேரும், சம்மாட்டி. மணி நல்லாக் கேட்டுச்சு.