எல்லாரும் மேலே வந்தாச்சா?

சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் போன்கள் எல்லாம் சாலைக்கு எதிரே டீக்கடையில் ஒரு சிவப்புப் பக்கெட்டுக்குள் கிடந்தன. பெட்ரோல் பங்கில் பழைய டேங்கைத் தோண்டி எடுக்கும் நாளில் போன், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நெஞ்சு வலி என்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நாங்கள் அதை மீறவில்லை. விடாமல் அடிக்கிறதே என்று டீக்கடைக்காரர் ஒரு போனை எடுத்துக் கேட்டுவிட்டு ஓடிவந்து சொன்னார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்காக அண்ணனைக் கோபித்துக்கொள்ளவும் இனி வழியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் கண்டமங்கலம் பக்கத்துக்காரர். பங்குகளில் பூமிக்கடியில் துருப்பிடித்துப்போன டேங்குகளை வெளியே எடுக்கும் எங்கள் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. நான் கிரேன் ஓட்டுபவன். விழுப்புரத்தில் முதல் நாள், காலையிலேயே வந்த என்னை பங்கு வாசலில் நிறுத்திவிட்டு, கேஸ் பார்க்கும் மீட்டரை டேங்குக்குள் இறக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரை வெயிலில் காயவிட்டார். மகா பிடிவாதக்காரர் என்று அன்றே முடிவுகட்டினேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் ஆட்களுக்கு வேலையில் கை வைக்குமுன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கை ஓடாது. திண்டிவனத்தில் ஒரு பங்கில் டேங்கின் மூடியைத் திறந்து வைத்திருந்தோம். நல்ல நேரம் போகிறது என்று பங்கு முதலாளியே தாம்பாளத்தில் கற்பூரத்தோடு வந்துவிட்டார். அண்ணன் குறுக்கே போய் நின்றார். நீ வேதக்காரன், உனக்கு எங்கள் சாமி ஆகாது என்று முதலாளி வாய்விட்டே சொன்னார். எங்களில் சிலருக்கும் மனசுக்குள் அந்த நினைப்பு இருந்தது. அண்ணன் நகரவில்லை.

"சாமி மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பெட்ரோல எடுத்துட்டோம், கேஸ் உள்ள அப்படியே நின்னுக்கினு இருக்குது. ஒரு பொறி பட்டா கும்பிடறதுக்கு ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். டேங்கு லாரி ஏறிப் போவட்டும், எல்லாரும் மேல வரட்டும். ரோட்டுக்கு அந்தாண்ட வச்சி ஏத்துவோம். கற்பூரம் நானே வாங்கியாந்து தர்றேன்."

வாங்கியும் தந்தார். சாயங்காலம் டேங்கு போன பிறகு எங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று கேட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் தீப்பெட்டியை நீட்டினார். ஏற்றியவர் அதே முதலாளி. அது முதல் எங்கள் பூஜை வேலை முடிந்த பிறகுதான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் மனிதரின் பைக் பெட்டியில் எப்போதும் கற்பூரம் மணக்கும். அதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை.

பிறகு ஒருமுறை ஒலக்கூர் பக்கம் வேலை. எங்கள் குழுவில் முனுசாமி என்பவனின் ஸ்பேனர் டேங்குக்குள் விழுந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு ஜல்தியாக எடுத்து வந்துவிடுகிறேன் என்று அவன் காலை உள்ளே விட்டுவிட்டான். அண்ணன் பாய்ந்து பிடித்து இழுத்ததில் அவன் சட்டை முதுகோடு கிழிந்தது. இருவரும் மண்ணில் உருண்டார்கள். "உள்ள போயிட்டா மூச்சு உன் பேச்ச கேக்காதுடா" என்றபோது அண்ணனின் குரல் நடுங்கியது. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் அவனுக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தார். அளவு கொஞ்சம் பெரிது.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு முனுசாமி அந்தச் சட்டையைத்தான் போட்டு வந்திருந்தான். பெட்டியை வாங்கி வைக்க அவனும் இன்னொருவரும் குழிக்குள் இறங்கினார்கள். வைத்து முடிந்ததும், அண்ணனின் மகள் மெழுகுவர்த்தி ஏற்றத் தீக்குச்சியை எடுத்தாள். விளிம்பில் கையூன்றி ஏறிக்கொண்டிருந்த முனுசாமி, பழக்கதோஷத்தில், "இரும்மா, எல்லாரும் மேல வரட்டும்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஏறாமல் குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான். நான் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டேன். அதுவரை அந்தப் பெண் தீக்குச்சியை உரசாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

போய் வாருங்கள், அண்ணே. மற்றவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டோம்.