கண்ணம்மாள் பம்பும் என் குண்டு எழுத்தும்

பம்ப் பாடியின் மேல் வரிசையாக நின்ற இரும்புக் கட்டிகளைப் பார்த்துவிட்டு கண்ணம்மாள் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இதுல என்ற பேரு எங்கீங்க?"

'எழுத்துரு வடிவமைப்பில் முப்பது ஆண்டு அனுபவம்' என்று விசிட்டிங் கார்டு வைத்திருக்கும் நானும் குனிந்து தேடிப் பார்த்தேன்.

துடியலூரில் கம்ப்யூட்டரில் ஃபான்ட் வரைவது என் பிழைப்பு. நான் வரைந்ததிலேயே எனக்குச் செல்லமானது ஒரு குண்டு ஃபான்ட். எல்லா எழுத்தும் வட்டமும் நேர்கோடும்தான். கோடு எங்கும் ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை. பேக்கரி போர்டுக்குப் போட்டேன், ஜோராக இருந்தது. தலைக்கனம் ஏறி ஒரு கருமாதிப் பத்திரிகைக்கும் போட்டேன். காலமானவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது போல இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கண்ணம்மாள் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி நடத்துகிறவர். கணவர் போன பிறகு நடந்த பாகப்பிரிவினையில் பழைய பம்ப் பிராண்ட் கொழுந்தனார்களுக்குப் போனது. இவருக்குப் பட்டறை மட்டும் மிஞ்சியது. முதல் முறையாகத் தன் பெயரிலேயே சந்தையில் பம்ப் இறக்கத் துணிந்தார். தாராபுரம் டீலர் ஒருவர் மட்டும் நம்பி, வெள்ளிக்கிழமை முதல் லோடு கேட்டிருந்தார். பெயரை வார்ப்பில் புடைப்பாகக் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. குண்டு ஃபான்ட்டைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

அச்சு மண் இடிக்கும் மோல்டர் ரங்கன், மண்ணில் பதித்து எடுக்கும் என் எழுத்துப் பேட்டர்னைப் பார்த்ததுமே சொன்னார்: "சாருங்க, இந்த மூணு சுழி ண-வுல ஓட்டை ரொம்பச் சின்னதுங்க. அதுக்குள்ள மண்ணு நிக்காதுங்க. பேட்டர்னைத் தூக்கறப்ப ஒடஞ்சுபோயிருமுங்க."

"ஒரு சுழியைத் தொட்டாலும் மொத்த டிசைனும் கெட்டுப்போயிருமுங்க" என்று ஆரம்பித்து, அவருக்கு ஐந்து நிமிடம் ஜியோமெட்ரி பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரிங்க" என்றார். கொங்கு நாட்டில் அந்த மாதிரி 'சரிங்க' வந்தால் சுதாரித்துக்கொள்ள வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு அது தெரியவில்லை.

புதன்கிழமை வார்த்தார்கள். சுழிக்குள் இருந்த மண் உதிர்ந்து, அந்த இடத்தில் இரும்பு புகுந்து, பெயர் முழுக்கக் கட்டி கட்டியாக வந்திருந்தது.

கண்ணம்மாள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். "வெள்ளிக்கெழமை லோடு போகலீனா டீலரு எங்க கொழுந்தனாருகிட்டயே திரும்பிருவாருங்க. எப்புடியாச்சும் சரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

லேப்டாப்போடு ரங்கன் பக்கத்தில் மணல் மேல் உட்கார்ந்தேன். அவர் மண்ணில் விரலை அழுத்தி, "இவ்வளவு அகலம் வேணுமுங்க" என்று காட்டினார். சுழிகளைத் திறந்தேன். கோட்டை மெலிதாக்கினேன். என் பரிசுத்தமான வட்டங்கள் நசுங்கி முட்டை வடிவமாயின. உருண்டை முனைகளை மட்டும் அவர் விட்டுவைத்தார். "கூரா இருந்தா மண்ணு பேந்துக்குமுங்க. இது நல்லா வழுக்கீட்டு வருமுங்க" என்றார். அன்றே புதுப் பேட்டர்ன் வெட்டினோம்.

வியாழக்கிழமை, லோடுக்கு ஒரு நாள் மிச்சமிருக்க, புது வார்ப்பு ஆறியதும் கண்ணம்மாள் மண்ணைத் தட்டி, தன் பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார்.

"இருவத்தஞ்சு வருசமா இந்தப் பட்டறையில கெடக்கறனுங்க. இரும்புல என்ற பேரு இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

புதிதாக எழுத்து வரைய வருகிறவர்களே, ஃபைல் அனுப்பும் முன்பே அதை மண்ணிலோ துணியிலோ தகரத்திலோ ஏற்றுகிறவரிடம் போய் உட்காருங்கள். என் ஃபான்ட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பியது அந்த ஒரு நாள்தான்.